ஆறு வீட்டுக்கு ஒரு மொட்டை மாடி

போன வாரம் என் போனுக்கு ஒரு படம் வந்துச்சு. நான் ரிடையர் ஆன பிறகு என் சீட்டுக்கு வந்திருக்கற இன்ஜினியர் பொண்ணு அனுப்பியிருந்தா. படம் பூரா சிவப்பும் மஞ்சளும். நடுவுல ஒரு நீலத் திட்டு. கீழ எழுதியிருந்தா: "மேடம், இது புதுக் கேமராவுல எடுத்த சீலிங். நீலமா தெரியறது ஈரம். இதை மேல் வீட்டுக்காரங்க மட்டும் செய்யணுமா, எல்லாரும் சேந்து செய்யணுமா? மீட்டிங்ல அடிதடி ஆவுது. சீக்கிரம் சொல்லுங்க."

எனக்கு சிரிப்பு தாங்கல. தளத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற ஈரத்தைக் காட்டற கேமரா வந்துடுச்சு. "எங்க வீட்டுல ஒழுகல, நான் எதுக்கு வரணும்?"னு கேக்கறவங்க மட்டும் மாறவே இல்ல! போன்ல சொன்னா முடியாதும்மா, எழுதி அனுப்பறேன்னு சொன்னேன். அவளுக்காக உக்காந்தேன், இவ்வளவு நீளமா வந்துடுச்சு.

என் பேரு கஸ்தூரி. திருவண்ணாமலையில ஒரு வீட்டு வசதிக் கூட்டுறவு சங்கத்துல முப்பத்தொரு வருஷம் ஒர்க் இன்ஸ்பெக்டரா இருந்தேன். பாலிடெக்னிக்ல சிவில் படிச்சேன், வகுப்புல மூணே பொண்ணுங்க, முதல் அஞ்சு வருஷம் சைட்ல செங்கல் எண்ணினேன், மேஸ்திரிங்க என்னை மதிக்கல, நான் கத்தினேன், அப்புறம் மதிச்சாங்க. படிப்புக் கதை அவ்வளவுதான். ஆபீஸ்ல எனக்கு "பட்டாசு"ன்னு பேரு. எனக்கு மூக்கு மேல கோவம், இல்லேங்கல.

எங்க சங்கம் ஆறு வீடு, எட்டு வீடுன்னு சின்ன பிளாக்கா கட்டி மெம்பருங்களுக்கு வித்துச்சு. வித்த பிறகும் ரிப்பேர்னா எங்ககிட்டதான் வருவாங்க. தனி வீட்டு ரிப்பேர்னா அந்த வீட்டுக்காரர் கையெழுத்து போதும். பொது ரிப்பேர்னா அந்த பிளாக்ல இருக்கற அத்தனை வீடும் கையெழுத்து போட்டாத்தான் கொத்தனாரை அனுப்புவோம். ஒருத்தர் முறுக்கிக்கிட்டாலும் வேலை நின்னுடும். ஒழுகலைக் கண்டுபிடிக்கறது நாலஞ்சு நாள் வேலை. அந்தக் கையெழுத்து வாங்கறதுக்கு அரை வருஷம் ஆவும்.

ரிப்பேர் செக்ஷன்ல ரெண்டே பேர். நான், எனக்கு மேல பாஷா சார். அசிஸ்டென்ட் இன்ஜினியர். தலைமுறை தலைமுறையா இந்த ஊர்க்காரர். அவங்க குடும்பத்துல பாதிப் பேர் கொத்து வேலை, மீதிப் பேர் பாத்திரக் கடை. சட்டைப் பையில பேனா இருக்குதோ இல்லையோ, ஒரு சாக்பீஸ் இருக்கும்.

அவர் ஒரு வீட்டுக்குள்ள போறதைப் பாக்கணும். செருப்பை வாசல்ல ஓரமா கழட்டி விடுவார். "ஒரு சொம்பு தண்ணி குடும்மா"னு கேப்பார். உக்காந்து குடிப்பார். பசங்க என்ன படிக்கறாங்கன்னு விசாரிப்பார். சீலிங்கை ஏறெடுத்தே பாக்க மாட்டார். எனக்கோ கால் பரபரன்னு இருக்கும். அப்புறம் டாக்டர் காய்ச்சலைக் கேக்கற மாதிரி, "எப்பலேர்ந்து வருது? ராத்திரி ஜாஸ்தியா, பகல்ல ஜாஸ்தியா?"னு கேட்டுட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, ஈரத்தோட ஓரத்தைச் சுத்தி சாக்பீஸால கோடு போட்டு தேதி எழுதுவார். மறுநாள் போய்ப் பாத்தா ஈரம் கோட்டைத் தாண்டியிருக்கா, உள்ளயே நிக்குதா, தெரிஞ்சுடும். "யார் தப்பு?"ங்கற வார்த்தையை முப்பது வருஷத்துல அவர் வாயிலேர்ந்து நான் கேட்டதில்ல. என் வாயிலேர்ந்து ஒரு நாளைக்கு நாலு வாட்டி வரும்.

அதனாலதான் வேங்கிக்கால் மல்லிகை பிளாக்ல நான் மாட்டினேன்.

மல்லிகை பிளாக்ல ஆறு வீடு. கீழ ரெண்டு, நடுவுல ரெண்டு, மேல ரெண்டு. மேல கிழக்குப் பக்கத்து வீடு ஜெயந்தியோடது. வீட்டுலயே பிளவுஸ் தைக்கறவ, வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஒரே பொண்ணு கவிதா. போளூர்ல கட்டிக் குடுத்திருந்தாங்க. கவிதாவுக்கு ஏழாம் மாசம் ஆச்சு. ஆவணி மாசம் நல்ல நாள் பாத்து அம்மா வீட்டுலயே வளைகாப்பு வச்சாங்க. வளைகாப்பு முடிஞ்சா பொண்ணு தாய்வீட்டுலயே தங்கிடுவா, தலைப்பிரசவம் அங்கதான். கிழக்கு ரூம்ல வெள்ளையடிச்சு, கட்டிலுக்குப் புது மெத்தை போட்டு, ஜெயந்தி தயாரா வச்சிருந்தா.

அப்புறம் நடந்ததை ஜெயந்தி என்கிட்ட சொன்னபடியே சொல்றேன். வளையல் அடுக்கிக்கிட்டு இருக்கும்போது வெளிய நல்ல மழை. சம்பந்தி அம்மா, அதாவது கவிதாவோட மாமியார், மருமவளைக் கொஞ்ச நேரம் படுக்க வைக்கலாம்னு கிழக்கு ரூமுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. கட்டில் மேல குனிஞ்சு தலகாணியைத் தட்டினாங்க. சரியா அவங்க நடு உச்சியில சொத்துன்னு ஒரு சொட்டு. அண்ணாந்து பாத்தாங்க. அடுத்த சொட்டு மூக்கு மேல.

"என்னாங்க சம்பந்தி இது? பச்சக் குழந்தையை இந்தக் கட்டில்லயா போடப் போறீங்க?"

"தார்ப்பாய் போட்டுக்கலாம் அண்ணி. சரி பண்ணிடறோம்."

"சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. நான் பொல்லாதவ இல்ல. ஆனா கூரை காஞ்சாத்தான் கவிதாவை அனுப்புவேன்."

கை நெறைய வளையலோட வந்த பொண்ணு, அதே வளையலோட போளூருக்கே திரும்பிப் போச்சு. ஜெயந்தி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் ஏத்தி விட்டுட்டு, மறுநாள் காலையில எங்க ஆபீஸ் வாசல்ல வந்து உக்காந்துட்டா. "மேடம், அவளுக்கு இன்னும் ரெண்டு மாசம் கூட முழுசா இல்ல. மழைக்காலமும் வருது. என் பொண்ணுக்குத் தலைப்பிரசவம் நான் பாக்காம யாரோ பாக்கறதா?"னு கேட்டு, அழுது, மூக்கைச் சிந்தி, திரும்ப அழுதா. எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு.

அன்னிக்குப் பாஷா சார் வேலூர் போயிருந்தார். அவர் வரட்டும்னு இருந்திருக்கலாம். பட்டாசு இருக்குமா? நேரா மாடிக்கு ஏறிட்டேன். சரியா கிழக்கு ரூமுக்கு மேல ஜெயந்தி வரிசையா தொட்டி வச்சிருந்தா. மருதாணி, கருவேப்பிலை, ரோஜா. மருதாணி வேர் தொட்டியைப் பொளந்துக்கிட்டு வெளிய வந்திருந்துச்சு. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுதுன்னு கீழ வந்து ரிப்போர்ட் எழுதிட்டேன். "மேல்வீட்டுக்காரர் வைத்த பூந்தொட்டிகளின் வேர்களால் தளம் பாதிக்கப்பட்டுள்ளது." தொட்டியை எடுத்துட்டு மாடித் தரையில பதிச்சிருக்கற தட்டோட்டை மாத்திட்டா போதும், ஒரு வீட்டுக் கையெழுத்துல முடிஞ்சுடும், ஜெயந்திக்கு சீக்கிரம் ஆவும்னு நெனச்சேன். நல்லது பண்றதா நெனச்சுதான் பண்ணேன், சத்தியமா.

அன்னிக்கு சாயந்திரமே பிளாக் மீட்டிங்ல அதைப் படிச்சும் காட்டினேன். வந்துது வினை. ஜெயந்தியால அந்தத் தளத்தைத் தனியா செஞ்சுக்க முடியாது, பாதி மாடியைப் பேத்து எடுக்கற செலவு அது. மத்த அஞ்சு வீடும் ஒரே குரல்ல, "பாத்தீங்களா, மேடமே சொல்லிட்டாங்க!"னு கையைக் கழுவிட்டாங்க. பிளாக் செயலாளர் தணிகாசலம், நடு மாடிக்காரர், கலெக்டர் ஆபீஸ்ல சூப்பரிண்டெண்டா இருந்து ரிடையர் ஆனவர். என் ரிப்போர்ட்டை வாங்கி, மடிச்சு, ஃபைல்ல வச்சு, நாடாவே கட்டிட்டார்.

கீழ்வீட்டு குருக்கள், அண்ணாமலையார் கோயில்ல பூஜை பண்ணி வயசாகி வீட்டோட இருக்கறவர், "எனக்கு முட்டி வலி. நான் மாடி ஏறி எட்டு வருஷம் ஆறது. நான் போகாத மாடிக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்?"னார்.

அவர் சம்சாரம் மீனாட்சி மாமி அதோட விடல. "மூணு வருஷம் முன்னாடி எங்க வாசல்ல சாக்கடை சேம்பர் பொங்கித்தே, ஞாபகம் இருக்கா ஜெயந்தி? வாசல்ல கோலம் போட முடியல. உன்கிட்ட வந்து நின்னேன். நீ என்ன சொன்னே? 'எங்களுக்கு மேல நாத்தம் வரல மாமி'ன்னே. இப்போ எங்களுக்குக் கீழ ஒழுகலைடி."

ஜெயந்தி அப்படிச் சொன்னது நெஜம்தான். எழுந்து மாடிப்படி ஏறிப் போயிட்டா. போகும்போது என்னை ஒரு பார்வை பாத்தா பாருங்க, அந்தப் பார்வையை இன்னிக்கும் மறக்க முடியல.

மறுநாள் பாஷா சார் வந்தார். ரிப்போர்ட்டைப் படிச்சார். திட்டுவார்னு நின்னேன். ரெண்டாவது வாட்டியும் படிச்சுட்டு, "கஸ்தூரிம்மா, மை ஜாஸ்தி ஊத்திட்டீங்க. தண்ணி கம்மியா ஊத்திட்டீங்க"ன்னார். அவ்வளவுதான். திட்டியிருந்தாலே தேவலைன்னு இருந்துச்சு.

தண்ணி ஊத்தறதுன்னா எங்க தொழில்ல ஒரு முறை இருக்கு. மாடியில மழைத்தண்ணி வெளிய போற குழாய் வாயைத் துணியும் களிமண்ணும் வச்சு அடைக்கணும். தரையில சிமெண்ட் கலவையால ரெண்டு மூணு இன்ச் உயரத்துக்கு வரப்பு கட்டி, வயல்ல பிரிக்கற மாதிரி பாத்தி பாத்தியா பிரிக்கணும். ஒரு பாத்தியில தண்ணி நிறுத்தி ஒரு நாள் முழுக்க விடணும். கீழ சீலிங்ல சாக்பீஸ் கோட்டை வேளா வேளைக்குப் பாக்கணும். ஈரம் நகரலையா, அந்தப் பாத்தி சுத்தம். வடிச்சுட்டு அடுத்த பாத்தி. பொறுமை இருந்தா ஓட்டை தானா பேசும். எனக்கு இல்லாதது அது ஒண்ணுதான்.

பாஷா சார் இதுல தன் கைச்சரக்கு ஒண்ணு சேத்துக்குவார். முதல் குடம் தண்ணியை வீட்டுக்காரங்களே தூக்கிட்டு வந்து ஊத்தணும். மீதியை ஹோஸ்ல விட்டுக்கலாம். "தான் ஊத்தின தண்ணி எங்க போவுதுன்னு பாக்காம எவனும் கீழ எறங்க மாட்டான்"பார்.

தணிகாசலத்துக்கிட்ட போனோம். அவர் ஃபைல் நாடாவை அவுக்கறதா இல்ல. பாஷா சார் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு சம்பந்தமே இல்லாம ஒண்ணு கேட்டார்.

"சார், தீபத்துக்கு நீங்க மாடியில எந்த இடத்துல உக்காருவீங்க?"

தணிகாசலம் முகம் மலர்ந்து போச்சு. "என்ன பாய் இப்படிக் கேக்கறீங்க! வாங்க காட்டறேன்"னு எங்களை மாடிக்கே இழுத்துட்டுப் போயிட்டார்.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை தீபத்தன்னிக்கு டவுனுக்குள்ள கால் வைக்க எடம் இருக்காது. மலை தெரியற மொட்டை மாடி வச்சிருக்கறவங்கதான் அன்னிக்கு ராஜா. மல்லிகை பிளாக் மாடியிலேர்ந்து உச்சி பளிச்சுன்னு தெரியும். ஆறு வீட்டுக்கும் சொந்தக்காரங்க வந்து குமிஞ்சுடுவாங்க. மலை பாத்த பக்கம் ஓரமா ஆறு வீட்டுக்கும் ஆறு இடம். எழுதி வைக்கல, ஆனா கோயில் மரியாதை மாதிரி யாரும் மாத்த மாட்டாங்க.

"இது எங்க இடம், பதினாலு வருஷமா. இது குருக்கள் வீட்டு இடம். அவர் வர மாட்டார், ஆனா காஞ்சிபுரத்துலேர்ந்து மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வருவாங்க. இது ஜெயந்தி வீடு"ன்னு தணிகாசலம் ஒவ்வொண்ணா காட்டினார். பாஷா சார் பின்னாடியே போய் ஒவ்வொரு இடத்தைச் சுத்தியும் சாக்பீஸால கட்டம் போட்டார். அந்தக் கட்டத்து மேலயே வரப்பு கட்டினோம். பூந்தொட்டி இருந்த இடம் ஏழாவது பாத்தி.

முதல்ல தொட்டிப் பாத்தி. நான்தான் தண்ணி ஊத்தினேன். என் ரிப்போர்ட்டு, என் குடம். ஒரு நாள் முழுக்க நின்னுச்சு. கீழ சாக்பீஸ் கோடு நூல் அளவும் நகரல. மருதாணி மேல அநியாயமா பழி போட்டிருக்கேன். ஜெயந்திகிட்ட போய், "தப்பு என்னோடதும்மா"ன்னேன். அவ, "அதை மீட்டிங்ல சொல்லுங்க மேடம்"னா. சொல்றேன்னேன். சொன்னேன்.

எல்லாரும் வீட்டுல இருப்பாங்கன்னு ஞாயித்துக்கிழமை காலையில மீதி ஆறு பாத்தியையும் ஒண்ணாவே வச்சுக்கிட்டோம். ஒவ்வொரு வீட்டுலேர்ந்தும் ஒரு குடம் வந்துச்சு. தணிகாசலம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு பிளாஸ்டிக் குடம். மேல ஜெயந்திக்கு எதிர் வீட்டு ஹார்டுவேர் கடைக்காரர் புது எவர்சில்வர் குடம். மீனாட்சி மாமி வரும்போது பின்னாடியே கைப்பிடிச் சுவத்தைப் புடிச்சுக்கிட்டு, ஒரு படிக்கு ஒரு மூச்சு விட்டு, குருக்களும் ஏறி வந்தார். கையில ஒரு சொம்பு.

"சாமி, நீங்க எதுக்கு ஏறினீங்க?"ன்னு பாஷா சார் ஓடினார்.

"குடம் தூக்க முடியாது, பாய். சொம்பு தூக்கலாம். நாளைக்கு எங்காத்துத் தண்ணி மட்டும் வரலைன்னு யாரும் சொல்லப்படாது பாருங்கோ."

"வாழ்நாள் பூரா சுவாமிக்கு அபிஷேகம் பண்ணினேள், இப்போ மொட்டை மாடிக்குப் பண்ணுங்கோ"ன்னு மாமி சொல்ல, எல்லாரும் சிரிச்சாங்க. அந்த பிளாக்ல எல்லாரும் சேந்து சிரிச்சு நான் பாத்தது அதான் முதல் வாட்டி.

ஹோஸ் விட்டோம். ரெண்டு இன்ச் நின்னுச்சு. அஞ்சு நிமிஷம் ஒண்ணும் இல்ல. அப்புறம் தணிகாசலத்தோட பாத்தியில பொளக்னு ஒரு குமிழி. அவர் குனிஞ்சு பாத்தார். பொளக், பொளக். அடுத்தது ஹார்டுவேர்காரர் பாத்தியில. குருக்கள் பாத்தியில நாலு எடத்துல. ஜெயந்தி பாத்தியிலயும் ரெண்டு. ஆறு பாத்தியும் அரிசி உலை மாதிரி கொதிக்குது!

"என்னாது இது?"ன்னார் தணிகாசலம்.

பாஷா சார் கையை விட்டுத் துழாவினார். மேல மண்ணும் பாசியும் அடைச்சிருந்த ஒரு ஓட்டையில அவர் விரல் முழுசா உள்ள போச்சு. எடுத்துக் காட்டிட்டு, "சார், கார்த்திகை மழைக்கு தார்ப்பாய் கட்டுவீங்களே, கம்பு எப்படி நிக்கும்?"னு கேட்டார்.

குருக்கள்தான் வாயைத் தொறந்தார். "கடப்பாரையால ஒரு போடு போட்டு நட்டுடுவா. எங்க மாப்பிள்ளை நன்னா போடுவார்."

வருஷா வருஷம் ஆறு வீடும், வீட்டுக்கு நாலு கம்பு! தட்டோட்டைத் தொளைச்சு, அதுக்குக் கீழ தண்ணியைத் தடுக்கற சுண்ணாம்பு ஜல்லியையும் தொளைச்சு, தீபம் முடிஞ்சதும் கம்பைப் புடுங்கிட்டு ஓட்டையில மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருக்காங்க. மலை பாத்த பக்கம் மாடி கொஞ்சம் மேடு. அங்க எறங்கற மழைத்தண்ணி ஓட்டுக்கு அடியிலயே சரிவைப் புடிச்சு நடந்து வந்து, கிழக்கு மூலையில சேந்து, ஜெயந்தி வீட்டுக் கட்டிலுக்கு நேரா எறங்கியிருக்கு. கண்டுபிடிச்சதும் நான், "தீபம் பாக்க மட்டும் ஆறு வீடு, சொட்டு வாங்க மட்டும் ஒரு வீடா?"ன்னு கத்திட்டேன். பாஷா சார் என்னைப் பாத்த பார்வையில வாயை மூடிக்கிட்டேன். ஆனா அவர் ஒண்ணும் மறுக்கல.

சாயந்திரம் எல்லாரையும் ஜெயந்தி வீட்டு கிழக்கு ரூமுக்குக் கூப்பிட்டார். காலையில போட்ட சாக்பீஸ் கோட்டை ஈரம் ஒரு சாண் தாண்டியிருந்துச்சு. சொட்டு விழற இடத்துல ஒரு அலுமினிய அண்டா. கட்டில் மேல குழந்தைக்குத் தைச்சு அடுக்கின சட்டைங்க, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சிருந்தா. மீனாட்சி மாமி கவரைத் தொறந்து ஒரு சட்டையை எடுத்து உள்ளங்கையில விரிச்சுப் பாத்தாங்க. அந்தச் சட்டை அவங்க உள்ளங்கையை விட சின்னதா இருந்துச்சு.

"பேப்பரை எடுங்கோ"ன்னாங்க மாமி. தணிகாசலம் நாடாவை அவுத்தார்.

"மாமி, இதுலயே உங்க வாசல் சேம்பரையும் எழுதச் சொல்லுங்க. அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. கீழ பொங்கறதும் எங்க வீட்டுத் தண்ணிதானே"ன்னா ஜெயந்தி. மாமி அவ கன்னத்தைக் கிள்ளி, "இப்போவாவது தெரிஞ்சுதேடி"ன்னாங்க. மொட்டை மாடியும் சேம்பரும் ரெண்டும் ஆறு வீட்டுப் பொறுப்புன்னு ஒரே பேப்பர்ல எழுதி ஆறு கையெழுத்து வாங்கினோம். அரை வருஷம் ஆவற வேலை அரை மணியில முடிஞ்சுது.

புரட்டாசி பொறந்ததும் கொத்தனார் எறங்கினார். ஓட்டை ஒவ்வொண்ணையும் சுத்தி வெட்டி, நனைஞ்ச ஜல்லியை அள்ளி, நாலு நாள் வெயில்ல காயவிட்டு, நீர் புகாத மருந்து கலந்த கலவையை அடைச்சு, புதுத் தட்டோடு பதிச்சார். அந்த நாலு நாளும் மழை வரக் கூடாதுன்னு குருக்கள் பிரார்த்தனை, பாஷா சார் துவா, நான் வானத்தைப் பாத்து ரெண்டு திட்டு. மழை வரல. யாருக்குப் பயந்துதோ தெரியாது. இனிமே தார்ப்பாய்க் கம்புக்குத் தரையைத் தொடவே வேணாம்னு, காலி பெயிண்ட் டப்பாவுல கான்கிரீட் ஊத்தி நடுவுல குழாய் சொருகி, வீட்டுக்கு நாலு டப்பா செஞ்சு குடுத்தோம்.

ஆனா சம்பந்தி அம்மா நம்பணுமே! போன்ல ஜெயந்தி எவ்வளவு சொல்லியும், "கண்ணால பாத்தாத்தான்"னுட்டாங்க. புரட்டாசி கடைசியில ஒரு நாள் போளூர்லேர்ந்து வந்து எறங்கினாங்க. பாஷா சார் மாடி முழுக்க ரெண்டு இன்ச் தண்ணி நிறுத்தி வச்சிருந்தார். அவங்களை மாடிக்குக் கூட்டிட்டுப் போய் தண்ணியைக் காட்டி, கீழ கூட்டிட்டு வந்து, "அம்மா, அதே கட்டில். அதே எடம். படுத்துப் பாருங்க"ன்னார்.

அந்தம்மா படுத்தாங்க. கண்ணைச் சிமிட்டாம சீலிங்கையே பாத்தாங்க. நாங்க வெளிய உக்காந்து காபி குடிச்சோம். அரை மணி ஆச்சு. ஒரு மணி ஆச்சு. உள்ளேர்ந்து சத்தமே இல்ல. ஜெயந்தி பயந்து போய் எட்டிப் பாத்துட்டு, வாயைப் பொத்திக்கிட்டு ஓடி வந்தா. சம்பந்தி அம்மா கொறட்டை விட்டுத் தூங்கறாங்க! பஸ்ல வந்த களைப்பு. முழிச்சதும் முதல் வேலையா உச்சந்தலையைத் தடவிப் பாத்தாங்க. காஞ்ச தலை. "நாளைக்கே அனுப்பறேன் சம்பந்தி"ன்னாங்க.

அடுத்த நாள் கவிதா வந்துட்டா, வளையல் குலுங்கக் குலுங்க. ஐப்பசி மழை அடிச்சு ஊத்தினப்போ அவ கிழக்கு ரூம்ல கால் நீட்டிப் படுத்திருந்தா. ஆம்பளக் குழந்தை பொறந்துச்சு. ஜெயந்தி ஆஸ்பத்திரியிலேர்ந்து எனக்குப் போன் பண்ணி, "மேடம், நான்தான் முதல்ல கையில வாங்கினேன்"னா. நான் ஆபீஸ்ல எல்லாருக்கும் பாதுஷா வாங்கிக் குடுத்தேன். யாருக்குக் குழந்தைன்னு கேட்டதுக்கு, மல்லிகை பிளாக்குக்குன்னு சொன்னேன்.

அந்த வருஷம் தீபத்துக்கு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டிருந்தாங்க. குழந்தைக்கு இருபத்தஞ்சு நாள். மாடியில இருபத்துநாலு டப்பா, ஒவ்வொண்ணுலயும் வீட்டு நம்பர் எழுதி, தார்ப்பாய் கட்டி, சொந்தக்காரங்க கூட்டம். சொல்லி வச்ச மாதிரி சாரல். குருக்கள் எட்டு வருஷம் கழிச்சு தன் இடத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்தார், பக்கத்துல பாஷா சார். தீபம் ஏத்தற ஆறு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. எல்லாக் கண்ணும் மலை உச்சியில.

ஜெயந்தி மட்டும் தவியா தவிச்சா. சாரல் கொஞ்சம் கூடினாலே தரையைப் பாக்கறா. கடைசியில, "குழந்தையைப் பாத்துட்டு வரேன்"னு கீழ ஓடினா. ஒரு நிமிஷம் கூட ஆகல, படியிலேர்ந்து அலறினா.

"மேடம்! சார்! ஈரம்! கட்டில் ஈரம்!"

நான் படியில தாவி எறங்கினேன். பாஷா சார் சாக்பீஸைக் கையில எடுத்துக்கிட்டு என் பின்னாடியே ஓடி வந்தார். மாமி வந்தாங்க, தணிகாசலம் வந்தார். கிழக்கு ரூம்ல மெத்தையில இவ்வளவு பெரிய திட்டு. சார் ஸ்டூல்ல ஏறி சீலிங்கைத் தடவினார். காய்ஞ்சு கிடக்கு. எறங்கி மெத்தையைத் தொட்டார், விரலைப் பாத்தார், குழந்தையைப் பாத்தார். அது காலை உதைச்சுக்கிட்டு, ஈரத் துணியோட பொக்கை வாயைத் தொறந்து சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

பாஷா சார் சாக்பீஸைப் பையில போட்டார். "ஜெயந்திம்மா, இந்த ஒழுகலுக்கு ஆறு வீட்டுக் கையெழுத்து வாங்க முடியாது. இது முழுக்க மேல்வீட்டுப் பொறுப்பு"ன்னார்.

"யார் சொன்னா?"ன்னு மாமி குறுக்க வந்தாங்க. மடியிலேர்ந்து மடிச்ச துணியை எடுத்தாங்க. குருக்களோட பழைய வேட்டி, தோய்ச்சுத் தோய்ச்சு பஞ்சு மாதிரி ஆனது. "ஆறு துண்டா கிழிச்சு வச்சிருக்கேன். நகருடி"ன்னு ஜெயந்தியைத் தள்ளிட்டு, அவங்களே குழந்தையைத் தூக்கித் துணி மாத்தினாங்க. தணிகாசலம் கால் பக்கத்தைப் புடிச்சுக்கிட்டார்.

அப்போ மேல "அண்ணாமலையாருக்கு அரோகரா"ன்னு ஒரே சத்தம். மலையில தீபம் ஏத்திட்டாங்க. நாங்க யாரும் பாக்கல. நூறு பேர் மாடியில எழுந்து நின்னு கையெடுத்துக் கும்பிடறாங்க, தளமே அதிருது, மழையும் வலுத்துடுச்சு. ஜெயந்தி பேரனை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு அண்ணாந்து பாத்தா. நாங்க எல்லாரும் பாத்தோம். ஒரு சொட்டு விழல.